குடும்ப நலம்: பெரும்பாடும் கருப்பைக் கட்டியும்

மாதவிலக்குக் காலத்தில் அளவுக்கு மிஞ்சிக் குருதி கழிவதை நம் முன்னோர் ‘பெரும்பாடு’ என்றனர். சித்த வைத்திய ஏடுகளில் வழங்கும் சொல் அது. “வாடகை கட்டுவதே பெரும்பாடாயிருக்கிறது” என்று அன்றாட அல்லலைக் குறிக்கவும் அதே சொல்லை நாம் ஆளுகிறோம். இவ்விரு பொருளையும் ஒருங்கே சுமக்கும் பெண்கள் நம் குடும்பங்களில் பலர் உளர். அவர்களைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறோம்.

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் வரும் பெண்ணை வாசகர்கள் அறிவார்கள். 12 ஆண்டுகள் அவளுக்குக் குருதிப்போக்கு இருந்தது. கைப்பொருள் யாவையும் வைத்தியர்களிடம் செலவழித்தும் அவள் நிலை முன்னிலும் கெட்டதாக மாற்கு எழுதுகிறார். மருத்துவர் என மரபு கூறும் லூக்காவோ, எவராலும் அவளைக் குணமாக்க இயலவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். தொழிற்பற்று போலும்! அவளுக்கு இருந்த நோய் இன்னதென்று இன்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் அவள் கூட்டத்தினூடே மறைந்து, பின்புறமாக வந்தாள் என்பது நம் கருத்தில் நிற்கிறது. இக்காலத்துப் பெண்ணும் அவ்வாறே வருகிறாள். திருப்பலியில் வாயிலோரம் கடைசி வரிசையில் அமர்கிறாள். வெளிர்நிறச் சேலைகளைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுக் கருநீலமும் அரக்குமாக உடுத்துகிறாள். எழுந்தவுடன் திரும்பி, அமர்ந்த இடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள். உறவினர் திருமணத்திற்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் தலைவலி என்கிறாள். இரவில் பாயின்மேல் பிளாஸ்டிக் விரிப்பை இட்டு, இருமுறை எழுந்து துணி மாற்றிவிட்டு, விடியுமுன் அடுப்பைப் பற்றவைக்கிறாள். அருகில் உறங்கும் கணவருக்கும் இது தெரிவதில்லை.

பெரும்பாட்டிற்குக் காரணங்கள் பல. அவற்றுள் அடிக்கடி காணப்படுவது கருப்பையின் தசையிலேயே தோன்றி வளரும் கட்டியாகும். மருத்துவமனைச் சீட்டில் இதனை ‘ஃபைப்ராய்டு’ என்று எழுதுவார்கள். ‘கட்டி’ என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மவர் நெஞ்சு திடுக்கிடுகிறது. அதற்கு அவசியமில்லை. இது புற்றுநோயன்று; புற்றாக இருப்பது மிக மிக அரிது. அமெரிக்காவில் 35 முதல் 49 வயது வரையுள்ள பெண்களை ஸ்கேன் செய்து ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், 50 வயதை எட்டுமுன் வெள்ளையரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கும் இக்கட்டிகள் தோன்றுவதாக மதிப்பிட்டனர். இவர்களுள் பெரும்பாலோர்க்கு எத்தொல்லையும் இல்லை. வேறொன்றிற்காக ஸ்கேன் எடுக்கும்போதுதான் கட்டி இருப்பதே தெரியவரும்.

பளு தூக்கியதாலோ, உணவுச் சூட்டாலோ, எவர் கண் பட்டதாலோ இது வருவதில்லை. தாய்க்கும் சகோதரிக்கும் இருந்தால் வரும் வாய்ப்பு மிகுதி. இளவயதில் பூப்பெய்தியோர், உடற்பருமன் உள்ளோர், மக்களைப் பெறாதோர் ஆகியோரிடத்தும் மிகுதி. மகப்பேறு ஓரளவு காப்பளிக்கிறது என்பதால், நம் கன்னியர் மடங்களிலும் இந்நோய்க்கு இடமுண்டு. மடத்துத் தலைவியர் இதை நினைவிற் கொள்வது நன்று; மணமாகாதவர்க்கு இந்நோய் ஏது என்று வாளாவிருத்தல் தவறு.

கட்டி எத்துணைப் பெரிது என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். கருப்பையின் உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் சிறு கட்டி, நெல்லிக்காயளவே இருந்தாலும், மாதந்தோறும் குருதியை ஆறாய்ப் பெருக்கக்கூடும். வெளிப்புறத்தில் தேங்காயளவு வளர்ந்தது ஒரு துளி குருதியையும் மிகுவிக்காமல், வயிற்றை மட்டும் மேடாக்கிக்கொண்டிருக்கும். சுவரின் நடுவே இருப்பது இரண்டிற்கும் இடைப்பட்டது. “பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இதைவிடப் பெரிய கட்டி, அவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்” என்று ஒப்பிட்டுப் பேசுவதில் பொருளில்லை.

அளவுக்கு மிஞ்சிய போக்கு என்பதை எவ்வாறு அறிவது? ஒரு மாதவிலக்கில் 80 மி.லி.க்கு மேற்பட்டால் மிகை என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. சமையற்கட்டில் அளப்பதுபோல் இதை யார் அளக்கப்போகிறார்கள்! ஆகவே வேறு அடையாளங்களைக் கொள்ளவேண்டும். மணிக்கொரு துணியோ நாப்கினோ நனைந்து, பல மணி நேரம் அவ்வாறே தொடர்தல்; ஓர் அங்குலத்திற்கு மேற்பட்ட கட்டிகளாகக் குருதி வெளிப்படுதல்; ஏழு நாளுக்கு மேல் நீடித்தல்; துணி மாற்றுவதற்கென்றே இரவில் உறக்கம் கலைந்து எழுதல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அது இயல்பன்று. எல்லாவற்றினும் மேலாக, அந்நாள்களுக்காக ஒரு பெண் தன் வேலையையும் பயணத்தையும் மாற்றியமைக்க நேர்ந்தால் அதுவே போதிய சான்று. “எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இப்படித்தான்” என்று பாட்டியும் தாயும் கூறுவதுண்டு. அவர்களுக்கும் இந்நோய் இருந்திருக்கலாம் என்பதே அதன் பொருள்.

இனி வரவு செலவுக் கணக்கொன்றைப் பார்ப்போம். 100 மி.லி. குருதி வெளியேறினால் அதனோடு ஏறத்தாழ 50 மி.கி. இரும்புச் சத்தும் போகிறது. உணவிலிருந்து நம் உடல் ஈர்த்துக்கொள்வதோ நாளொன்றுக்கு 1 அல்லது 2 மி.கி. மட்டுமே, அதிலும் ஒரு பகுதி உடலின் அன்றாடக் கழிவுகளோடு போய்விடும். செலவு இவ்வாறு மாதந்தோறும் மிகுந்தால் சேமிப்புக் கரைந்து, கடைசியில் குருதிச் சோகை வந்து சேர்கிறது. கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையலாகாது. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் சோகையுற்றோர். இவர்கள் அனைவர்க்கும் பெரும்பாடு என்பதில்லை; ஊட்டக்குறைவும் குடற்புழுவும் பிறவும் காரணங்களே. ஆயினும் இருவருள் ஒருவர் சோர்ந்திருக்கும் நாட்டில், சோர்வே பெண்ணின் இயல்பு எனக் குடும்பம் கருதிவிடுகிறது.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், படபடப்பு, முடி உதிர்தல், நகம் வெளுத்துக் குழிதல், காரணமின்றிச் சினம் மூளுதல் ஆகியன சோகையின் அடையாளங்கள். “அம்மா எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள்” என்று பிள்ளைகள் புகார் கூறும் வீட்டில், அம்மாவின் கண்ணிமையின் உட்புறத்தை ஒருமுறை பார்க்கவேண்டும். மற்றோர் அடையாளமும் உண்டு: பச்சரிசி, சிலேட்டுக் குச்சி, மண், பனிக்கட்டி முதலியவற்றின்மேல் அடங்கா ஆசை. பச்சரிசி தின்றால் திருமணத்தன்று மழை பெய்யும் என்று நம் வீடுகளில் கேலி பேசுவார்கள். மழை பெய்கிறதோ இல்லையோ, தின்பவளின் உடலில் இரும்பு வற்றியிருக்கலாம்.

கட்டி பெரிதாகி முன்புறம் அழுத்தினால் சிறுநீர் அடிக்கடி வரும். பின்புறம் அழுத்தினால் மலச்சிக்கலும் இடுப்பு வலியும் உண்டாகும். கேட்பதற்கு இவை சிறியன. ஆனால் இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தை அஞ்சித் தாய்வீட்டிற்கே போகாதிருக்கும் பெண்ணுக்கு இது சிறியதா? தூத்துக்குடி வட்டாரத்துப் பல உப்பளங்களில் ஒதுங்க இடமின்மையால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். கொளுத்தும் வெயிலில் அது வேறு நோய்களுக்கு வழிகோலுகிறது. நம் ஆலயங்களையும் விட்டுவிடுவதற்கில்லை. நவநாள்களில் ஆயிரம் பேர் கூடும் வளாகத்தில் கழிப்பறை பூட்டியிருக்க, சாவி எவரிடம் என்று ஒரு பெண் ஆண்களிடையே கேட்டுக்கொண்டு நிற்கும் நிலை பல ஊர்களில் உண்டு. கொடிமரத்திற்கு வண்ணம் பூசும் செலவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் புனிதர் எவரும் கோபிக்கமாட்டார்.

தாம்பத்திய உறவில் வலி ஏற்படுவதும் உண்டு. சொல்லக் கூசி மனைவி விலக, காரணம் அறியாத கணவர் மனம் வெதும்ப, இல்லறத்தில் கசப்பு நுழைகிறது. கட்டி சிலருக்குக் கருத்தரிப்பைத் தடுக்கும். சிலருக்குக் கருச்சிதைவை உண்டாக்கும். எனினும் கட்டியோடு நலமே பிள்ளை பெற்றோர் ஏராளம். ஆதலால் பிள்ளையில்லாத வீட்டில் எல்லாப் பழியையும் இதன்மேல் சுமத்துவதற்கில்லை. கணவரும் பரிசோதனை செய்துகொள்வதே நேர்மை.

மருத்துவரிடம் போகப் பெண்கள் தயங்குவதற்கு மற்றொரு காரணம், “கருப்பையை எடுத்துவிடுவார்கள்” என்னும் அச்சம். இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிக் கருப்பை நீக்கப்பட்ட வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்திற்குள் ஏற்றுக்கொள்ளுமாறு மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், மாதவிலக்கினால் கூலி இழக்கலாகாதென்று கருப்பையையே இழந்த செய்தி 2019இல் வெளிவந்து பலரையும் உலுக்கியது.

ஆனால் நல்ல மருத்துவம் இதுவன்று. தொல்லை தராத கட்டியை ஆண்டுதோறும் பார்த்து வருவதே போதும்; மாதவிலக்கு முற்றும் நின்றபின் அது தானே சுருங்கும். குருதியைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. கட்டியை மட்டும் அகற்றிக் கருப்பையைக் காக்கும் அறுவையும் உண்டு. இலண்டனில் விக்டர் பானி என்னும் மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்காகவே வாதாடினார். அவருடைய மனைவிக்கு இக்கட்டியின் பொருட்டு இளவயதிலேயே கருப்பை நீக்கப்பட்டிருந்தது. அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. கட்டிக்குச் செல்லும் குருதிக் குழாயை அடைத்து அதைச் சுருங்கச் செய்யும் முறையைப் பாரிஸ் மருத்துவர்கள் 1995இல் வெளியிட்டனர். நம் பெருநகரங்களிலும் அது நடைபெறுகிறது. இவை எவையும் பொருந்தாதபோது கருப்பையை நீக்குவது தக்க சிகிச்சையே. அதனால் நலம்பெற்று எழுந்த தாய்மார் பலர். நீக்கச் சொன்னால், வேறு வழி உண்டா, சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா என்னும் இரு கேள்விகளைத் தயங்காமல் கேட்கவேண்டும். சினைப்பைகளையும் இளவயதில் இழந்தால் எலும்பும் இருதயமும் பின்னாளில் பாதிக்கப்படும்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் எழும் ஐயம் ஒன்றுண்டு. பெரும்பாட்டிற்குத் தரப்படும் ஹார்மோன் மாத்திரைகளும், கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் கருத்தடைக்கும் பயன்படுவனவாயிற்றே என்று சிலர் மருந்துச் சீட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1968இல் வெளியிட்ட ‘ஹூமானே வீத்தே’ சுற்றுமடலின் 15ஆம் பத்தி இதற்கு விடை தருகிறது. உடல்நோயைக் குணமாக்கத் தேவையான சிகிச்சை, கருத்தரிப்பைத் தடுக்கும் என்று முன்னறிந்தாலும், அத்தடை நேரடி நோக்கமாக இல்லாதவரை அது விலக்கப்படவில்லை. மனக்குழப்பம் தீராவிடில் பங்குத் தந்தையிடம் பேசலாம். சோகையோடு ஆண்டுக்கணக்கில் தவிக்க வேண்டியதில்லை.

மருத்துவரைக் காணுமுன் செய்யத்தக்கது எளிது. சுவரில் தொங்கும் மறைமாவட்ட நாட்காட்டியிலேயே, குருதி தொடங்கிய நாள், நின்ற நாள், மிகுந்த நாளில் மாற்றிய துணிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மூன்று மாதம் குறித்து வாருங்கள். வெட்கமாயிருந்தால் சிறு புள்ளிகள் போதும். போக்கு கடுமையாயிருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டா. மயக்கமோ, மணிக்கு இரு துணி நனையும் போக்கோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கணவர் உடன் செல்லட்டும். வெளியே நின்று செல்பேசியைப் பார்த்திராமல் உள்ளே வந்து அமரட்டும். இரும்பு மாத்திரை தந்தால் தேநீரோடும் பாலோடும் விழுங்கலாகாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ துணை செய்யும். மலம் கறுத்துப் போவது கண்டு அஞ்சவேண்டா.

மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி குருதி கண்டாலும் அதைப் பழைய கட்டியின் வேலை என்று தாமே முடிவுகட்டிக்கொள்ளலாகாது. அது வேறு நோயின் அறிகுறியாயிருக்கக்கூடும். அந்த வாரமே மருத்துவரைக் காணவேண்டும்.