கைப்பணத்தைச் சுவரில் பூசாதீர்!

மதுரையில் பெரியார் பஸ் நிலையத்தில் டவுன் பஸ் ஏறுங்கள். "திருநகர்" என்று டிக்கெட் கேளுங்கள். கண்டக்டர் உடனே டிக்கெட் கொடுக்க மாட்டார். "எத்தனையாவது ஸ்டாப்?" என்று திருப்பிக் கேட்பார்.

ஆம்! முதல் ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப், மூன்றாவது ஸ்டாப் என்று எண் போட்டுத்தான் அந்த ஊரில் வீட்டுக்கு அடையாளம் சொல்லுகிறார்கள். பஸ் வந்து நிற்கும் இடம்தான் அங்கே விலாசம். வயதானவர்களுக்கு இதைவிட நல்ல விலாசம் வேறு உண்டா?

திருப்பரங்குன்றத்தைத் தாண்டி, திருமங்கலம் போகும் சாலையில் இருக்கிறது திருநகர். 2011 வரை அது தனிப் பேரூராட்சி. அந்த ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. பக்கத்தில் உள்ள ஹார்விபட்டியும் அப்போதே சேர்ந்தது. முருகன் கோயில் அருகில். ரயில் நிலையம் அருகில். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய் வரலாம். ஓய்வு பெற்ற வாத்தியார், மில் தொழிலாளி, ரயில்வேக்காரர் எல்லோருக்கும் "இந்தப் பக்கம் ஒரு வீடு இருந்தால் போதும்" என்று ஆசை.

ஆசை தப்பு இல்லை. ஆனால் அந்த ஆசைக்குப் பலர் கொடுக்கும் விலைதான் தப்பு.

கணக்குப் பாருங்கள்

ஒருவர் ஓய்வு பெறுகிறார். கையில் 30 லட்சம் ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு படுக்கை அறை, மாடிப்படி, கார் நிறுத்த இடம் என்று 30 லட்சத்துக்கு வீடு பேசுகிறார். கிரயம் முடிக்கும் நாளில்தான் இன்னொரு செலவு தெரிகிறது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்கு அது 2 லட்சத்து 70 ஆயிரம்! அதற்குக் கடன் வாங்குகிறார். புது வீட்டுக்குள் கடன்காரராகப் போகிறார்.

அதே மனிதர் 18 லட்சத்தில் ஒரு பழைய சிறிய வீடு பார்த்திருந்தால்? பத்திரச் செலவும் வெள்ளையடிப்பும் சேர்ந்து 20 லட்சத்துக்குள் முடியும். மீதி 10 லட்சத்தைத் தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 2023 ஏப்ரலில் அதற்கு வட்டி 8.2 சதவீதம் ஆயிற்று. அந்த வட்டிக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 20,500 ரூபாய் கைக்கு வரும். சேருகிற நாளில் உள்ள வட்டி ஐந்து வருஷத்துக்கு மாறாது.

சர்க்கார் பென்ஷன் வாங்குகிறவர் ஒருவாறு சமாளிப்பார். மில்லில் உழைத்தவர் என்ன செய்வார்? ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் 2014-ல் நிர்ணயித்த குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். அரிசிக்கே அது பற்றாது. அவருக்கு நோய் வந்தால், சுவரைச் சுரண்டியா மருந்து வாங்குவது?

விளம்பரத்தை நம்பலாமா?

திருநகருக்குள் இடம் கிடைப்பது கஷ்டம் என்றதும், தனக்கன்குளம், தோப்பூர் என்று தெற்கே போகிறார்கள். அங்கே கொடி கட்டிய மனைகள் காத்திருக்கின்றன. "எய்ம்ஸ் அருகில்!" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

தோப்பூரில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். கட்டட வேலை தொடங்கியது 2024-ல். நடுவில் 2022-ல் சேர்ந்த முதல் மாணவர்கள் ராமநாதபுரத்தில் போய்ப் படித்தார்கள். 30 வயதுக்காரர் காத்திருக்கலாம். 60 வயதுக்காரருக்கு ஐந்து வருஷம் என்பது சின்னக் கணக்கா? வரப்போகும் ஆஸ்பத்திரிக்கும் வரப்போகும் ரயிலுக்கும் இன்றைக்கே விலை கொடுக்காதீர்கள். இன்று ஓடுகிற பஸ்ஸுக்கு விலை கொடுங்கள்.

மனைக்கு அங்கீகாரம் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு 2016-ல் தடை போட்டது. எத்தனையோ பேரின் சேமிப்பு அன்று முடங்கியது. மறு வருஷம் வரன்முறைத் திட்டம் வந்த பிறகே வழி பிறந்தது. தாய்ப் பத்திரம், பட்டா, 30 வருஷ வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்க்காமல் ஒரு ரூபாய் அட்வான்சும் கொடுக்காதீர்கள். தரகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி!

ஒத்தி வீடு

மதுரைக்காரர்களுக்கு ஒத்தி தெரியும். ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறோம். வாடகை கிடையாது. கொடுத்த பணத்துக்கு வட்டியும் கிடையாது. இரண்டு மூன்று வருஷம் குடியிருந்துவிட்டு, காலி செய்யும்போது பணத்தை முழுதாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம்.

வீடு வாங்கும் முன்பு அந்தத் தெருவில் ஒத்திக்கோ வாடகைக்கோ ஒரு வருஷம் இருந்து பார்க்கச் சொல்லுவேன். சித்திரை வெயிலில் குழாயில் தண்ணீர் வருகிறதா? ஐப்பசி மழையில் வாசலில் குளம் கட்டுகிறதா? இந்தப் பகுதியில் கண்மாய்கள் அதிகம். தண்ணீர் போகும் பாதையில் போட்ட மனையைக் கோடையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

ஆனால் ஒத்தியிலும் ஆபத்து உண்டு. வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, லட்சக்கணக்கில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டின் மேல் முன்பே பாங்கிக் கடன் இருந்தால், ஜப்தி வரும் நாளில் உங்கள் பணம் எங்கே? ஒத்திப் பத்திரத்தைப் பதிவு ஆபீசில் பதிவு செய்யுங்கள். பதிவுக்கு வரமாட்டேன் என்கிற வீட்டுக்காரரின் வீடு வேண்டவே வேண்டாம்.

அன்று ஹார்விபட்டி, இன்று சிங்கப்பூர்

ஹார்விபட்டி எப்படி உண்டான ஊர் தெரியுமா? விடுதலைக்கு முன்பே, மதுரை ஹார்வி மில் கம்பெனி தன் தொழிலாளிகளுக்காக அமைத்த ஊர். சிறு சிறு வீடுகள். சம்பளம் வாங்கும் காலத்திலேயே மாதத் தவணை கட்டி வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஏற்பாடு. வேலையை விட்டு நிற்கும்போது குடியிருக்க வீடும் இருக்கும், பி.எப். பணமும் கையில் இருக்கும். இன்றைக்கு 45 வயதில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குத் தவணை கட்டும் வயது அதுதான். ஓய்வு பெற்ற மறுநாள் அல்ல.

நம் தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் இன்னொரு வழி இருக்கிறது. அங்கே சர்க்கார் வீட்டு வசதி வாரியம், 55 வயது ஆனவர்களுக்குச் சுமார் 40 சதுர மீட்டர் அளவுள்ள வீடுகளைக் குறைந்த காலக் குத்தகைக்கு விற்கிறது. 15 வருஷம் முதல் 45 வருஷம் வரை எடுத்துக்கொள்ளலாம். கணவன், மனைவி இருவருக்கும் 95 வயது ஆகும் வரையாவது குத்தகை இருக்க வேண்டும். வாழப்போகும் வருஷங்களுக்கு மட்டும் விலை! தோப்பூர்-உச்சப்பட்டியில் துணைக்கோள் நகரம் அமைக்கும் நமது வீட்டு வசதி வாரியம், அங்கே ஒரு தெருவையாவது முதியோருக்காக இப்படி ஒதுக்கினால் என்ன? தரைத்தளம், வழுக்காத தரை, கைப்பிடி வைத்த கக்கூஸ், நடக்கும் தூரத்தில் பஸ். இவ்வளவுதான் கேட்கிறோம். கார் நிறுத்த இடம் யாரும் கேட்கவில்லை.

பத்திரம் யார் பெயரில்?

வீடு சிறிதோ பெரிதோ, அதை உங்கள் பெயரில் வாங்குங்கள். மனைவி பெயரில் வாங்கினாலும் நல்லதுதான். 10 லட்சம் ரூபாய் வரை உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை கொடுத்தார்கள்.

"எப்படியும் மகனுக்குத்தானே? இப்போதே எழுதிவிட்டால் என்ன?" என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். அம்மா, கொஞ்சம் பொறுங்கள்! மகன் நல்லவன்தான். ஆனால் அவனுக்கும் கடன் வரலாம், பிணக்கு வரலாம். உயில் எழுதி வைத்தால் உங்கள் காலம் வரை வீடு உங்களுடையது. மனம் மாறினால் உயிலையும் மாற்றலாம். தான செட்டில்மெண்ட் அப்படி அல்ல. எழுதிக் கொடுத்த அன்றே வீடு கைமாறிப்போகும்.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதில் 23-வது பிரிவு முக்கியமானது. "என்னைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளை கவனிக்காவிட்டால், ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இருந்ததா இல்லையா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. அந்த ஒரு வரி பத்திரத்திலேயே இருந்துவிட்டால் வாதத்துக்கே இடம் இல்லை.

ஆகையால், எழுதித்தான் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், கையெழுத்துப் போடும் முன்பு அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டும்படி பத்திரம் எழுதுகிறவரிடம் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த தாய்மார்கள், பத்திரத்தைக் கையில் வாங்கித் தாங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள். மெதுவாகப் படிக்கலாம். பதிவு ஆபீசில் யாரும் விரட்ட மாட்டார்கள்.