மென்பொருள் நம்முடையது, கையேடு யாருடையது?

சுனாமி வந்து 20 வருடங்கள் கடந்துவிட்டன. அன்று மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு பாடசாலை முகாமில், அப்பியாசக் கொப்பிகளில் பெயர் பதிந்தவர்களுள் நானும் ஒருவன். ஒரே பிள்ளையை ஒரு கொப்பியில் ‘முகம்மது’ என்றும், இன்னொன்றில் ‘முஹம்மத்’ என்றும் எழுதியிருந்தோம். தேடி வந்த உறவினர் பட்ட பாடு இன்றும் கண்ணில் நிற்கிறது.

அதே நாட்களில் இலங்கையின் தன்னார்வ மென்பொருளாளர்கள் ‘சஹன’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் ‘நிவாரணம்’ என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவையான பொருட்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் பதியலாம். திறந்த மூல மென்பொருள் என்பதால் எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம். 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010 ஹெய்ட்டி பூகம்பத்திலும் அது கைகொடுத்தது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்கு வழங்கியது.

ஆனால் மென்பொருள் இருந்தால் மட்டும் போதாது. வெள்ள நேரத்தில், மின்சாரம் வந்து போகும் இரவில், முகாமில் நிற்கும் தொண்டருக்கு அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். அதற்குத்தான் கையேடு. திறந்த மூல மென்பொருள்களின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினாலும் பயன் குறைவு. நமது பெயர்களை எந்த எழுத்துக்கூட்டலில் பதிவது, தந்தை பெயரை எங்கே இடுவது, அடையாள அட்டையை இழந்தவரை எப்படி வேறுபடுத்துவது என்பதெல்லாம் இங்கு வாழ்பவருக்கே தெரியும்.

இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. மென்பொருளை நிறுவி, கையேட்டின்படி ஒவ்வொரு படியாகச் செய்து, எங்கே தடுமாறுகிறோம் என்று குறித்து, தெளிவான வசனத்தில் திருத்தி அனுப்பினால் போதும். திட்டத்தைப் பராமரிப்பவர்கள் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். பாடம் சொல்லிக்கொடுக்கும் எங்களுக்கு இது பழகிய வேலைதான்.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி பாடசாலைகளின் தகவல் தொழினுட்ப ஆசிரியர்களும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாணவர்களும் ஆளுக்கொரு அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளலாம். எழுதியதை கணினி அதிகம் பழகாத ஒரு பள்ளிவாசல் நிர்வாகியிடம் கொடுத்துப் பாருங்கள். யாரிடமும் கேட்காமல் அவர் ஒரு குடும்பத்தைப் பதிந்துவிட்டால், கையேடு சரி.

மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை வெள்ளம் அடித்துச் சென்ற 2024 நவம்பரை நமது பிரதேசம் மறக்காது. அடுத்த மாரி வரும்போதும் நாம் அப்பியாசக் கொப்பியைத்தான் தேடப்போகிறோமா?