தடைக்காலத்தில் பிறந்த இரட்டையர்

உறங்குகிற பிள்ளையை எழுப்பினால் பாவம் என்று நாஞ்சில் நாட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தொட்டில் கட்டிய வீட்டில் மிக்சி ஓடாது. டிவிக்குச் சத்தம் கிடையாது. வாசலில் மீன்காரி கூவினால் வீட்டுக் கிழவி ஓடிப்போய் வாயில் விரல் வைத்து அடக்குவாள். இந்தச் சட்டத்தை முதல் ஒரு மாதத்துக்காவது ரத்து செய்ய வேண்டும் என்பது என் கட்சி. அதிலும் நாள் தவறி முன்னதாக, எடை குறைந்து பிறந்த இரட்டைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது ஆபத்தான சட்டம்.

என் தங்கச்சி வீடு வட்டக்கோட்டைக்குப் பக்கத்தில். மகளைச் சின்னமுட்டத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் விசைப்படகு வேலை. பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணுக்கு 36 வாரத்திலேயே வலி வந்துவிட்டது. மூத்தவள் 2 கிலோ 150 கிராம், இளையவன் 1 கிலோ 900. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகு இரண்டும் உறங்கின, உறங்கின, உறங்கிக்கொண்டே இருந்தன. பார்க்க வந்த சம்பந்தியம்மாளுக்கு ஒரே பூரிப்பு. “ரெண்டும் நல்ல சமத்து மைனி. அழுகச் சத்தமே கேக்கல்ல, கேட்டியளா.”

அழுகைச் சத்தம் கேட்காததுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். பத்தாம் நாள் எடை பார்த்தபோது இரண்டு பேருமே பிறந்த எடைக்குத் திரும்பவில்லை. பிறந்த முதல் சில நாட்களில் எடை இறங்குவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான். ஏழு சதவீதம் இறங்கலாம், பத்தைத் தாண்டக்கூடாது. இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும். அதன்பின் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். இளையவனோ இறங்கிய இடத்திலேயே நின்றான்.

இது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் முறைவைத்துச் செய்யும் திறமை கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் பழுக்கிறது. அந்த வாரங்களை இழந்த பிள்ளை நாலு தடவை உறிஞ்சியதும் களைத்துப்போகும். களைத்தால் உறங்கும். மார்பில் பால் தங்கிவிடும். தங்கிய பாலைக் கண்டு உடம்பு, தேவை இவ்வளவுதான் போலும் என்று சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அடுத்த தடவை பால் குறைவு, பிள்ளைக்குத் தெம்பு குறைவு, உறக்கம் கூடுதல். கூடவே மஞ்சள் காமாலை எட்டிப்பார்த்தால் சொல்லவே வேண்டாம், அதுவும் உறக்கத்தைக் கூட்டும். பசித்தால் பிள்ளை அழாதா என்று கேட்பார்கள். அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

நம் வீட்டுப் பக்குவங்களும் இதற்குத் துணைபோகின்றன. சித்திரை வெயிலில் தொப்பி, கையுறை, காலுறை, அதன்மேல் பிளானல் துணிச் சுற்று. குளிப்பாட்ட வருகிற பாட்டி எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டிவிட்டுப் போனால் பிள்ளை மூன்று மணி நேரம் அசையாது. குளிப்பாட்டலை நிறுத்தச் சொல்லவில்லை; அந்தப் பாட்டியிடம் அதைச் சொல்லிவிட்டு ஊரில் இருக்க முடியுமா? குளிப்பாட்டும் முன்பே பால் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் ஏற்பாடு. வெறும் வயிற்றோடு உறங்கப் போகாமலாவது இருக்கும்.

வீட்டுக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியர் சொன்னது சுருக்கமானது. இரண்டு, மிஞ்சினால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்ப வேண்டும்; பகலென்றும் ராத்திரியென்றும் பார்க்கக் கூடாது. எழுப்புவது என்றால் கன்னத்தைத் தட்டுவதல்ல. துணியை அவிழ்த்து, நனைந்ததை மாற்றி, தாயின் நெஞ்சில் வெறும் உடம்போடு போட்டு, முதுகையும் உள்ளங்காலையும் தேய்த்துவிடுவது. குடிக்கும்போது காதைக் கொடுக்க வேண்டும். விழுங்கும் சத்தம் கேட்டால்தான் பால் உள்ளே போகிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் வாய் மட்டும் அசைந்தால் அது வெறும் கசரத். அந்த நேரத்தில் மார்பை உள்ளங்கையால் மெல்ல அமுக்கிக் கொடுத்தால் பால் வாயில் வந்து விழும், பிள்ளை திரும்ப விழுங்கும். அரை மணி நேரம் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் போனால் குடித்த தெம்பு குடிப்பதிலேயே செலவாகிவிடும்.

பிறகு மீதிப் பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுப்பது. நம் பாட்டிமார் வெள்ளியில் வைத்திருந்த மூக்கு நீண்ட அந்தக் கிண்ணத்தை இன்று இந்தியாவின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில்கூட அதற்குப் பாலாடை என்றே பெயர். பாட்டிலைவிட கழுவ எளிது, கொதிக்க வைக்க எளிது. ஒரு எச்சரிக்கை மட்டும்: உறங்குகிற வாயில் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும். விழித்திருக்கும் பிள்ளையைத் தலை உயர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்து, அது உறிஞ்சும் வேகத்துக்கு விட வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு பிள்ளைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. இரண்டு பிள்ளைக்கு இரட்டிப்பு. எழுப்புவது, குடிப்பாட்டுவது, பீய்ச்சுவது, பாலாடையில் கொடுப்பது, கழுவுவது என்று கூட்டினால் அந்தப் பெண்ணுக்கு உறங்க நேரமே மிஞ்சாது. பிள்ளைகள் ஓரளவு பிடித்துக் குடிக்கப் பழகிய பிறகு இரண்டையும் இரண்டு அக்குளுக்கடியில், கால்கள் தாயின் முதுகுப் பக்கம் போகும்படி, தலையணை மேல் கிடத்தி ஒரே நேரத்தில் கொடுக்கலாம். ஆனால் ஆரம்பத்தில் அதற்கும் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். இரட்டைப் பிள்ளை வீட்டில் “பால் பத்தல்லையோ?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை பாலுக்குப் பஞ்சமில்லை, கைகளுக்குத்தான் பஞ்சம்.

எங்களுக்குக் கை கொடுத்தது கடல். சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைத் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்காக அரசாங்கம் போட்ட விதி எங்கள் வீட்டு இனப்பெருக்கத்துக்கும் உதவியது. மாப்பிள்ளை மாமியார் வீட்டில் கூடாரம் போட்டுவிட்டான் என்று தெருவே கேலி செய்தது. அவன் கண்டுகொள்ளவில்லை. ராத்திரி இரண்டு மணி முறை அவனுக்கு. சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு திண்ணையில் சாய்ந்து இளையவனை வெறும் நெஞ்சில் போட்டுக்கொள்வான். வலை இழுத்துக் காய்த்த கை அந்தச் சின்ன முதுகு முழுவதையும் மூடும்.

இது பெரிய மருத்துவம். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சோடு கட்டிவைக்கத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று உலகம் அதைச் சொல்கிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. 1.8 கிலோவுக்கும் குறைவான பிள்ளைகளைப் பிறந்த உடனே இப்படி வைத்தால் மரணம் 25 சதவீதம் குறைகிறது என்று அது சொன்னது. நெஞ்சு அப்பாவுடையதாக இருந்தாலும் சூடு சூடுதான்.

தங்கச்சியின் மருத்துவம் வேறு வகை. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பால்சுறா புட்டு. தடைக்காலத்தில் மீன் விலை ஏறிக் கிடக்க, விசைப்படகுத் தடைக்குள் வராத நாட்டு வள்ளக்காரர்களிடம் சொல்லிவைத்துப் பால்சுறா வாங்கினாள். பால் ஊறுவது மார்பு காலியாவதைப் பொறுத்தது, சுறாவைப் பொறுத்ததல்ல என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் பெற்றவளுக்கு ஒருத்தி சுடச்சுட ஆக்கிப் போடுகிறாள் என்றால் அதை ஏன் தடுக்க வேண்டும்? தேன் தொட்டு சேனை வைப்பதையும் உரைமருந்தையும் மட்டும் தடுத்தோம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

பால்மாவு டின் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலாயாவில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசிய பேச்சுக்குத் தலைப்பே ‘பாலும் கொலையும்’ என்ற பொருளில்தான் இருந்தது. 1981-ல் உலக சுகாதாரச் சபை டின்பால் விற்பனைக்கு நெறிமுறை கொண்டுவந்தது, அமெரிக்கா மட்டும் எதிர்த்து வாக்களித்தது. இந்தியாவில் 1992 முதல் சட்டமே இருக்கிறது. பால்மாவுக்கோ பாட்டிலுக்கோ விளம்பரம் செய்யக்கூடாது, இலவச மாதிரி கொடுக்கக்கூடாது. எல்லாம் சரியானதே. ஆனால் எடை ஏறாத பிள்ளைக்கு மருத்துவர் கூடுதல் பால் வேண்டும் என்று சொன்னால், கொள்கை பேசிப் பட்டினி போடுவது டின்பால் விளம்பரத்தைவிடப் பெரிய அநியாயம். முதலில் பெற்றவள் பீய்ச்சிய பால், அடுத்து தாய்ப்பால் வங்கி, அதுவும் இல்லையென்றால் மருத்துவர் சொன்ன அளவில் பால்மாவு. மும்பை சயான் மருத்துவமனையில் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-ல் தொடங்கிய வங்கிதான் ஆசியாவில் முதல். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு 2014-ல் வந்தது. வங்கி எட்டாத தூரத்தில் இருப்பவள் பால்மாவு கரைத்தால் அவளைக் குற்றவாளி போலப் பார்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

எங்கள் பிள்ளைகளுக்குப் பால்மாவு தேவைப்படவில்லை. மூத்தவள் சீக்கிரமே தேறினாள். இளையவன் ஆமை வேகத்தில் ஏறி, ஒரு நாள் ராத்திரி தானாகவே பசித்து அழுதான். தங்கச்சி கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீட்டில் இப்படிப் பிள்ளை இருப்பவர்களுக்கு: ஒரே தராசில், துணியில்லாமல், சில நாட்களுக்கு ஒருமுறை எடை பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும். நனையாவிட்டாலும், எவ்வளவு தேய்த்தும் விழிக்காவிட்டாலும், உடம்பு சில்லிட்டாலும், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தாலும், மூச்சு வாங்கினாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள்.

தடைக்காலம் முடிந்து மாப்பிள்ளை படகேறிவிட்டான். மத்திய அரசு ஊழியரான அப்பனுக்குப் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. கடல் தொழிலாளிக்கும் முந்திரி ஆலைக்காரனுக்கும் யார் கொடுப்பார்? அதனால் இரட்டைப் பிள்ளை பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கவுனும் கிலுகிலுப்பையும் வேண்டாம், வீட்டில் குவிந்து கிடக்கிறது. தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டு போங்கள். பிள்ளைத்துணியை அலசிப் போடுங்கள். முடிந்தால் ஒரு ராத்திரி தங்கி, இரண்டு மணி முறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.