வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்!

மில் வாசலில் ஷிப்டு விடும் நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். வெளியே வரும் மோட்டார் சைக்கிள்களில் எத்தனையோ வண்டிகள் இரண்டு கை, மூன்று கை மாறியவை. பஸ் ஓடாத நள்ளிரவில் வீடு திரும்பும் தொழிலாளிக்கும், விடியுமுன் அயலூருக்கு நடவுக்குப் போகும் விவசாயத் தொழிலாளிக்கும் பழைய வண்டி ஆடம்பரமல்ல. அது இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

இவை எப்படிக் கை மாறுகின்றன? டீக்கடையில் விலை பேசிப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். சாவியும் ஆர்.சி. புத்தகமும் கைக்கு வந்ததும் வியாபாரம் முடிந்ததாக இருவருமே நினைக்கிறார்கள். மிஞ்சிப்போனால் ஒரு ஸ்டாம்பு பேப்பரில், இன்ன தேதி, இன்ன மணி முதல் வரும் வழக்கெல்லாம் வாங்கியவரைச் சேரும் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

ஆனால் விபத்து நட்டஈட்டு வழக்கில் அந்தப் பேப்பர் விற்றவரைக் காப்பாற்றாது. 2009-ம் ஆண்டில் ஒரு கார் விபத்துக்குள்ளாயிற்று. அதற்கு முன்பே அது பல கை மாறியிருந்தது. ஆயினும் பதிவேட்டில் இருந்தது முதலில் விற்றவரின் பெயர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், நட்டஈட்டுப் பொறுப்பு அவருடையதே என்று தீர்ப்பளித்தது. அடிபட்டவர் வண்டி போன வழியெல்லாம் தேடி அலைய முடியாது என்பது கோர்ட்டின் நியாயம். அதை நாம் குறை கூறவில்லை. ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரும் பெரும்பாலும் நம் வர்க்கத்தவர்தான். ஆனால் இன்ஷூரன்ஸ் காலாவதியான வண்டி ஒருவரை மோதினால், அதை என்றைக்கோ விற்றுவிட்ட தொழிலாளி லட்சக்கணக்கில் கட்ட நேரும் என்பதை மறக்க முடியுமா?

வாங்கியவர் நிலையும் மோசமே. சொந்தக்காரர் தாமே ஓட்டிச் சென்று இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கும் காப்பீடு உண்டு. ஆனால் அது பதிவு பெற்ற சொந்தக்காரருக்கு உரியது. பெயர் மாற்றாமல் ஓட்டியவரின் மனைவி மக்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் படியேறி வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

இதைத் தொழிலாளியின் அசட்டை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அதிகாரிகளை நாம் விடமாட்டோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு விற்றவருக்கு 14 நாளும் வாங்கியவருக்கு 30 நாளும் கெடு வைத்திருக்கிறது. 2016-ல் மத்திய விதிகள் இரு சக்கர வண்டியின் பெயர் மாற்றத்துக்கு வைத்த கட்டணம் 150 ரூபாய். அட்டைக்கும் சேவைக்கும் தனி. ஆளை வாட்டுவது இந்தக் கட்டணமா? இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலையும் நாட்களில் பறிபோகும் கூலியும், வாசலில் நிற்கும் புரோக்கருக்கு அழும் பணமும்தான்! கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். அதற்கும் பலர் புரோக்கரைத்தான் தேடிப் போகிறார்கள்.

இந்த இடைவெளியில்தான் பழைய வண்டிக் கடைக்காரர்கள் கொழிக்கிறார்கள். 29, 30-ம் எண் படிவங்களில் விற்பவரிடம் வெறுமனே கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, யாருக்கு விற்றோம் என்று சொல்லாமலே வண்டியைத் தள்ளிவிடுவோர் உண்டு. கந்துவட்டிக்காரர்களும் இதே தந்திரத்தைக் கையாளுகிறார்கள். ஐயாயிரம் ரூபாய் கடனுக்கு ஆர்.சி. புத்தகத்தோடு வெற்றுப் படிவமும் வாங்கிக்கொள்கிறார்கள். தவணை தவறினால் வண்டி வேறொருவர் பெயருக்குப் போய்விடுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வியாபாரி அதிகாரச் சான்று பெற வேண்டும், வண்டி கைக்கு வந்ததைத் தெரிவித்துப் பொறுப்பேற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சான்றில்லாத கடைகள் மீது சர்க்கார் ஏன் பாயவில்லை? ஹெல்மெட் இல்லாத தொழிலாளியை மடக்கக் காட்டும் சுறுசுறுப்பு இங்கே எங்கே போயிற்று?

மாதம் ஒரு நாள், ஷிப்டு விடும் நேரத்தில், மில் வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் பெயர் மாற்ற முகாம் நடத்த வேண்டும் என்று கோருகிறோம். சங்கக் கிளைகள் இதற்கு மனு எழுதிக் கையெழுத்துத் திரட்ட வேண்டும்.

முகாம் வரும்வரை தோழர்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. வாங்குபவர் பெயரும் விலாசமும் தேதியும் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி மீது கடன் இருந்திருந்தால், அது தீர்ந்த சான்றும் 35-ம் எண் படிவமும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். படிவங்களின் நகலையும், ஆபீசில் தரும் ரசீதையும் வீட்டில் பத்திரமாக வையுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் புரோக்கரிடம் போகாமல் சங்க ஆபீசுக்கு வாருங்கள்.