தனி ஆவர்த்தனமா, ரவா தோசையா?

குட்டீஸ், மார்கழி வந்துவிட்டால் மயிலாப்பூர், தி.நகர் பக்கம் திரும்பிய இடமெல்லாம் கச்சேரிதான். டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமி, நாரத கான சபா, தி.நகரில் கிருஷ்ண கான சபா, வாணி மகால். மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன். உங்களில் சிலரைத் தாத்தாவோ பாட்டியோ கையோடு அழைத்துப் போயிருப்பார்கள். 'கேன்டீனில் ரவா தோசை வாங்கித் தருகிறேன்' என்று ஆசை காட்டியும் அழைத்துப் போயிருக்கலாம்!

அங்கே ஒரு காட்சியைக் கவனித்திருக்கிறீர்களா? பாடகர் ஒரு பெரிய பாட்டைப் பாடி நிறுத்துவார். மிருதங்கம் வாசிப்பவரைப் பார்த்துத் தலையசைப்பார். அவ்வளவுதான்! படபடவென்று நாற்காலிச் சத்தம் கேட்கும். கூட்டத்தில் ஒரு பகுதி எழுந்து வாசலை நோக்கி நடக்கும். சிலர் கேன்டீனுக்கு, சிலர் கழிவறைக்கு, சிலர் வீட்டுக்கே!

மேடையில் ஒருவர் அப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருக்கிறார். அவர் கண்ணில் படுவது என்ன? ரசிகர்களின் முதுகு!

இது நல்ல பழக்கமா? இல்லை என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்று கேளுங்கள்.

அந்தப் பகுதிக்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர். இரண்டு, இரண்டரை மணி நேரக் கச்சேரி முழுவதும் மிருதங்கக் கலைஞர் பாடகருக்காகவே வாசிக்கிறார். பாட்டு மெதுவாகப் போனால் அவரும் மெதுவாக. பாட்டு ஓடினால் அவரும் ஓட்டம். அவருக்கென்று தனியாகக் கிடைப்பது இந்தப் பத்து, இருபது நிமிடம்தான். உடன் கடமோ கஞ்சிராவோ இருந்தால், அந்த நேரத்தையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்காக அவர் படும் பாட்டைப் பாருங்கள். மிருதங்கத்தின் உடல் பலா மரத்தில் கடைந்தது. கச்சேரிக்கு முன் அதன் இடது பக்கத்தில், தண்ணீரில் பிசைந்த ரவையை அப்பிக்கொள்வார். அப்போதுதான் 'தொம்' என்ற கனமான நாதம் வரும். வேடிக்கையைப் பார்த்தீர்களா? அவர் ரவையை வைத்து நாதம் எழுப்புகிறார். நாம் ரவா தோசைக்காக அவரை விட்டுவிட்டு ஓடுகிறோம்!

பாலக்காடு மணி ஐயர் என்று ஒரு மாமேதை இருந்தார். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1966-ல் அவருக்குக் கிடைத்தது. மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அகாடமி தொடங்கியதோ 1928-ல்! பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவர்களை நாம் கவனிக்க எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

'எனக்குத்தான் மிருதங்கம் புரியாதே, போரடிக்குமே' என்கிறீர்களா? ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெரும்பாலும் ஆதி தாளமாக இருக்கும். அதற்கு எட்டு எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு தட்டி, கையைத் திருப்பு. மறுபடி தட்டி, கையைத் திருப்பு. இப்படியே எண்ணிக்கொண்டு வாருங்கள். மிருதங்கம் எங்கெங்கோ சுற்றும். நீங்கள் எண்ணிக்கையை விடாதீர்கள். கடைசியில் ஒரே கோவையை மூன்று முறை வாசித்து, சரியான இடத்தில் வந்து நிற்பார். அந்த நொடியில் பாடகர் விட்ட பாட்டைப் பிடித்துக்கொள்வார். உங்கள் எண்ணிக்கையும் அங்கே சரியாகச் சேர்ந்தால், கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் ஜெயித்த மாதிரி இருக்கும்!

பெரியவர்கள் எழுந்து போவதற்கும் காரணம் உண்டு. கச்சேரியில் இடைவேளை கிடையாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். வயதானவர்களுக்கு ரொம்ப நேரம் உட்கார முடியாது. அவர்களைக் குறை சொல்லாதீர்கள். ஆனால், அவசரம் இல்லாத நாம் ஏன் எழ வேண்டும்? போகத்தான் வேண்டுமென்றால், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன், குனிந்தபடி சத்தமில்லாமல் போகலாமே!

சபா பக்கமே போகாதவர்களுக்கும் இது பொருந்தும். பள்ளியில் பாட்டுப் போட்டி நடக்கிறது. தன் பெயரைக் கூப்பிடும்வரை அரங்கம் நிறைய ஆட்கள். தான் பாடி முடித்ததும், அம்மாவும் பிள்ளையும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கடைசி எண் கிடைத்த பிள்ளை யாருக்குப் பாடும்? நடுவருக்கும் காலி நாற்காலிகளுக்கும்தானே? அந்தக் கடைசி எண் நாளை உங்களுக்கும் வரலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். எழுந்திருக்காமலே எழுந்து போகிற வித்தை ஒன்று இப்போது வந்திருக்கிறது. அதுதான் செல்போன்! ஊரிலிருந்து வந்த அத்தை ஆசையாகப் பேசிக்கொண்டிருப்பார். நம் கண் செல்போனில் இருக்கும். வாய் மட்டும் 'ம்... ம்...' என்று சொல்லும். உடம்பு சோபாவில், மனசு வெளியே! அத்தைக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? மேடையில் இருப்பவருக்கு முதுகு தெரிவதுபோல அத்தைக்கும் நன்றாகத் தெரியும்.

'ப்ளீஸ்', 'தேங்க்ஸ்', 'சாரி' சொல்வது மட்டும் நாகரிகம் அல்ல. அவற்றை ஒரே நாளில் பழகிவிடலாம். இன்னொருவரின் முறை வரும்போது, அது முடியும்வரை அவரோடு இருப்பதுதான் கடினம். அதுதான் மரியாதையும்கூட.

இசைக்காக யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் 2017-ல் நம் சென்னை சேர்ந்தது. பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் மட்டும் போதுமா? உட்கார்ந்து கேட்கிறவர்களும் இருந்தால்தானே அது இசை நகரம்!

அடுத்த முறை கச்சேரிக்குப் போனால், தலையசைப்பு வந்ததும் தாத்தாவின் கையைப் பிடித்து, "இது முடிந்ததும் போகலாம் தாத்தா" என்று சொல்லிப் பாருங்கள். ரவா தோசை எங்கேயும் ஓடிவிடாது. என்ன குட்டீஸ், செய்வீர்களா?