பகடைக்கு ஒரு பை

பகடை என்றதும் நம் நினைவுக்கு வருபவன் சகுனி. அவன் உருட்டியதில் ராஜ்யமே பறிபோயிற்று. ஆனால் மேற்கே பிறந்து, இன்று நம் பெருநகரங்களிலும் ஞாயிற்றுக்கிழமை மேஜைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு விளையாட்டில் பகடைக்கு வேறு வேலை. அங்கே ஒருவர் ஜெயிக்க இன்னொருவர் தோற்க வேண்டியதில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கதையைப் பேசிப் பேசியே வளர்க்கிறார்கள். ஒருவர் திருடன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் போர்வீரர். பூட்டு திறக்குமா, அம்பு தைக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

இந்த வகைக்கு முன்னோடி, அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் உருவாக்கி 1974ல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதிகள்தான். வீட்டிலேயே கையால் பெட்டிகளில் அடுக்கி விற்றார்கள். அதில் வரும் சில விசித்திர மிருகங்கள், மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துக் கற்பனை செய்யப்பட்டவை. ஆரம்பகாலப் பகடைகளின் எண்களுக்கு ஆட்டக்காரர்களே க்ரேயானைத் தேய்த்து வண்ணம் ஏற்றினார்கள். 1979ல் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பெட்டிக்குள் எண் அச்சிட்ட அட்டையை வைத்து, 'வெட்டிக் கொள்ளுங்கள்' என்று விட்டுவிட்டார்கள். ஆக, கைவேலை இந்த விளையாட்டின் ரத்தத்திலேயே ஊறியது.

எனவே கூட ஆடும் நண்பருக்குப் பிறந்தநாள் என்றால் விலை உயர்ந்த இறக்குமதிப் பொருளைத் தேடி அலைய வேண்டாம். வழக்கமான செட்டில் ஏழு பகடைகள்: 4, 6, 8, 12, 20 முகங்களில் ஒவ்வொன்று, 10 முகத்தில் இரண்டு. அவை கொள்ளும் அளவுக்கு, தையல்கடையில் மிஞ்சிய பட்டுத் துண்டில் ஒரு சுருக்குப் பை தைக்கலாம். பாட்டியின் வெற்றிலைப் பை நல்ல மாதிரி. பகடை மேஜைக்கடியில் ஓடாமலிருக்க, பழைய இனிப்புப் பெட்டியின் மூடிக்குள் வெல்வெட் ஒட்டினால் தட்டு தயார்.

புதையல் வரைபடத்துக்குக் காப்பி டிகாக்ஷன் போதும். முதலில் தாளை அதில் நனைத்துக் காயவைத்து, பிறகே வரைய வேண்டும். வரிசை மாறினால் மை கலங்கித் தீவு கடலில் கரைந்துவிடும். பொம்மை செய்வதானால் குழாய்க் கசிவை அடைக்கும் எபாக்ஸி பசை நன்றாக இறுகும்; கையுறை அவசியம். களத்தில் ஒரு அங்குலக் கட்டம் ஐந்து அடிக்குச் சமம் என்பதால் ஆள் உயரம் ஒன்றேகால் அங்குலத்தைத் தாண்டினால் அரக்கனாகிவிடுவான். பகடையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் ஒரு பக்கமே விழும்; அப்புறம் சகுனிதான்.

ஆனால் பொருளை விட முக்கியம், அது யாருக்கு என்பது. அந்தத் திருடனுக்கு எந்தக் கையில் தழும்பு? மந்திரவாதி யாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அலைகிறாள்? தன் முறை எப்போது வரும் என்று மட்டுமே காத்திருந்தவருக்கு இது தெரிந்திருக்காது. அடுத்தவர் பேசும்போது காது கொடுத்தவரால்தான் அந்தத் தழும்பைச் சரியான கையில் வரைய முடியும். தெரியாவிட்டால் கதை நடத்துபவரிடம் ரகசியமாகக் கேட்டுக்கொள்ளலாம். ஊகித்துச் செய்வது, பெயரைத் தப்பாக அடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் புத்தகம் இருக்கிறது, சதுரங்கத்துக்கு நகர்த்தல் குறிப்பு. இங்கே இரண்டு வருடக் கதை முழுவதும் காற்றோடு போய்விடும். ஒருவருக்கு மாற்றல் உத்தரவு, ஒருவருக்குக் குழந்தை, மேஜை கலைந்துவிடும். மிஞ்சுவது அழித்து அழித்து எழுதிய ஒரு பென்சில் தாள். நடந்ததை ஒரு நோட்டில் எழுதி, நூலால் தைத்துக் கொடுத்துப் பாருங்கள். ஊர் மாறிப் போகிறவர் அதை லாரியில் ஏற்றமாட்டார், கைப்பையில்தான் வைத்துக்கொள்வார்.