பேனரில் இல்லாத முகங்கள்

போன வைகாசியில் உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் பெரியப்பா பேத்திக்குக் காதுகுத்து. மண்டபத்து வாசலில் வழக்கம்போல ஃபிளெக்ஸ் பேனர். நடுவில் குழந்தை, பக்கத்தில் ஆளுயரத்துக்குத் தாய்மாமன், கீழே வரிசை வரிசையாகத் தபால் தலை சைஸில் முகங்கள். பந்திக்குக் கூப்பிடுகிற வரை வேலை இல்லையா, நின்று எண்ணினேன். மொத்தம் 84. அதில் பெண் என்று பார்த்தால் குழந்தையும் அதோட அம்மாவும் மட்டும்தான். அந்தப் பிள்ளையை மூன்று வருஷம் இடுப்பில் வைத்து வளர்த்த அப்பத்தாவைக் காணோம். கேட்டதற்கு, "எங்கிட்ட யாருய்யா போட்டோ கேட்டா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மதுரைக்காரனை ஃபிளெக்ஸ் பைத்தியம் என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். 2019 செப்டம்பரில் சென்னையில் சாலையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்ததற்குப் பிறகு அதை வெறும் கிண்டலாகவும் சொல்ல முடியாது. ஆனால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் நம் முகமும் இருக்கட்டும் என்ற ஆசையில் எனக்குத் தப்பு தெரியவில்லை. பக்கத்தில் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளிலேயே ஆதன், குவிரன் என்று பேர் கீறி வைத்திருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு பெரிய கட்டம், யாருக்குக் கட்டமே இல்லை என்பதுதான் என் பிரச்சினை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாட்டுத்தாவணி மாதிரி ஓர் இடத்தில் பெரிய எல்.இ.டி. திரை ஒன்று வைக்கலாம். விளம்பரத்துக்கு இல்லை, போட்டோ மொசைக்குக்கு. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் கேமரா முன்னால் நின்று பட்டனை அழுத்தினால் அவர் முகம் ஒரு சின்னக் கட்டமாகத் திரையில் போய் உட்காரும். தூரத்தில் இருந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான கட்டங்கள் சேர்ந்து ஒரே படம். கிட்டே போனால் ஒவ்வொன்றும் ஒரு ஆள். எல்லாக் கட்டமும் ஒரே அளவு. தாய்மாமனுக்கும் அதேதான் :)

இது புது விஷயமும் இல்லை. 1973லேயே லியோன் ஹார்மன் சில நூறு சாம்பல் கட்டங்களை மட்டும் வைத்து லிங்கன் முகத்தைக் காட்டினார். 1990களில் எம்.ஐ.டி. மாணவரான ராபர்ட் சில்வர்ஸ் அந்தக் கட்டங்களின் இடத்தில் முழுப் போட்டோக்களையே வைத்தார். சிகாகோவில் 2004ல் திறந்த கிரவுன் ஃபவுன்டனில் 50 அடி உயரக் கோபுரங்களில் மாறி மாறி வருவது ஆயிரம் சாதாரண ஊர்க்காரர்களின் முகங்கள். அது மொசைக் இல்லை என்றாலும் அங்கே நடிகரும் இல்லை, மேயரும் இல்லை.

செய்முறையும் எளிது. பெரிய படத்தைக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் சராசரி நிறத்தைக் கணக்குப் போட்டு, அதற்குப் பக்கத்தில் வரும் நிறமுள்ள போட்டோவைத் தேடி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஹாஸ்டலில் நாங்களும் செய்து பார்த்தோம். வகுப்பில் எல்லோரிடமும் போட்டோ வாங்கி யானைமலையை வரைந்தோம். படம் அருமையாக வந்தது. பிறகு அவனவன் தன் முகத்தைத் தேட ஆரம்பித்தான். சிவப்பாக இருக்கிற பயல்கள் எல்லாம் மேலே வானத்தில். நானும் என்னைப் போன்ற கறுப்பர்களும் மலையடிவார நிழலில். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு கொஞ்சம் உறுத்தியது. புரோகிராம் எழுதியதே நான்தான். அதற்குச் சாதி தெரியாது, நிறவெறி தெரியாது. வெளிச்சத்தைத்தான் அளந்தது. ஆனாலும் யாரை எங்கே வைப்பது என்பதில் ஊர் செய்கிறதையேதான் அதுவும் செய்தது.

அப்புறம் யோசித்தபோது விடை ஊரிலேயே இருந்தது. சுங்குடி! நிற்கிறவர் பின்னால் தொங்கவிட நாலைந்து நிறத்தில் சுங்குடித் துணி வைத்துவிடுங்கள். எது வேண்டும் என்று அவரே எடுத்துக்கொள்ளட்டும். கணக்குப் போடும்போது முகத்தை விட்டுவிட்டுத் துணியின் நிறத்தை மட்டும் எடுத்தால் போதும். மஞ்சள் எடுத்தவர் வெயிலாவார், நீலம் எடுத்தவர் வானமாவார். தோலுக்கு அங்கே வேலை இல்லை. முகம் சிறியதாகவும் துணி அதிகமாகவும் தெரிய வேண்டும். அதனால் கிட்டே வந்து பார்க்கும்போது முகம் கொஞ்சம் பொடிதாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

இன்னும் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பட்டனை அழுத்தியவரின் படம் மட்டுமே ஏற வேண்டும். நடந்து போகிறவர்களை எல்லாம் கேமரா பிடித்தால் அது கலை இல்லை, கண்காணிப்பு. பேர், போன் நம்பர் எதுவும் கேட்கக் கூடாது. எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கட்டம் என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தால் அவரவர் தேடிக்கொள்வார்கள். ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். இரண்டாவது, பெரிய படம் எந்த மனிதரின் முகமாகவும் இருக்கக் கூடாது. ஊர் சனத்தையே புள்ளிகளாக்கி ஒரு தலைவரை வரைந்தால் அதற்குப் பழைய பேனரே தேவலை. தெப்பக்குளம் இருக்கிறது, வைகை இருக்கிறது, மல்லிகைப்பூ இருக்கிறது.

குடிதண்ணீர்க் குழாய்க்கே வழியில்லை, இதுக்கு ஒரு செலவா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஸ்மார்ட் சிட்டி என்ற பேரில் எப்படியும் திரைகள் வரத்தான் போகின்றன. முழு நாளும் நகைக்கடை விளம்பரம் ஓடுகிற திரையில் சாயங்காலம் இரண்டு மணி நேரத்தைச் சனத்துக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "பச்சைச் சுங்குடி இருக்குமா?" என்றார்.